கடந்த முப்பது நாளில்

ஒரு படிவத்துக்கு எழுபது ரூபாய்.
பள்ளிப்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு
இருபது போக மிச்சம் எனக்கு,
கம்பெனி தரும்போது.

நகரி மூக்கு வெயிலில் பழுத்துக் கிடக்கிறது.
சர்க்கரை ஆலைக் குடியிருப்பு,
முதல் வரிசை, நாலாம் வீடு.
முறத்தோடு வெளியே வந்த தேசம்மா
"தமிழா, தெலுங்கா?" என்கிறாள்.
படிவம் தமிழில்.
கேள்வியை எதில் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கடந்த முப்பது நாளில்
இந்த வீட்டில் தின்ற துவரம்பருப்பு?

"ரேஷன்ல ஒரு கிலோ.
இரு, எழுதாத. முக்கால்னு போடு.
கால் கிலோ பக்கத்து வீட்டுக்குக் குடுத்தேன்,
திரும்பி வரல."

முட்டை?

"பேத்தி ஸ்கூல்ல திங்கிறது சேருமா?"

சேரும். ஆனால் வேறு பக்கத்தில்.

அரசாங்கம் ஆலையை விற்று ஆறு வருஷம்.
எண்ணூறு பேர் செய்ததை
இப்போது நூற்று நாற்பது பேர் செய்கிறார்கள்.
கரும்புக்காரனுக்கு முன்பெல்லாம்
பதினாலு மாசம் கழித்து வந்த பணம்
இப்போது பதினாலு நாளில் வருகிறது.
தேசம்மாவின் தம்பி ரெட்டெப்பாவுக்கு
மூன்று ஏக்கர் கரும்பு. மாடி எழுப்பிவிட்டான்.
இதை அவளேதான் சொல்கிறாள்,
தம்பிக்கு நல்லது நடந்ததைச் சொல்லும் குரலில்.
"கெரகப்பிரவேசத்துக்குப் போனீங்களா?"
படிவத்தில் இல்லாத கேள்வி, வாய்தவறி வந்துவிட்டது.
முறத்தில் கல் தேடுகிறாள்.
கிடைக்கவில்லை. இன்னும் தேடுகிறாள்.

குடும்பத் தலைவரின் தொழில்?

"பாய்லர்ல இருந்தாரு. விருப்ப ஓய்வு.
எங்க மாமியாரும் அப்படித்தான்,
விருப்பப்பட்டுத்தான் செத்தாங்க."
உள்ளே கட்டிலில் தயாளன் இருமுகிறார்,
சிரிப்பாகவும் இருக்கலாம்.

வந்த பணத்தில் பெண்ணுக்குக் கல்யாணம்,
மிச்சத்தில் ஒரு பழைய ஆட்டோ,
ஆட்டோவை விற்று அதன் கடன்.
கேட்டதற்கு வரிசையாகச் சொல்கிறாள்,
எதையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல.
ஆலைக் குழாயில் வந்த தண்ணீர்
இப்போது குடம் ஐந்து ரூபாய்க்கு.
"ஆனா சுத்தமா இருக்கு,
அதையும் எழுதிக்கோ."

எழுத இடமில்லை. தலையாட்டுகிறேன்.

மருந்துச் செலவு?

"அவருக்குச் சக்கரை.
முப்பது வருஷம் மூட்டையில கட்டினது போக
மீதி உடம்புல ஏறிடுச்சு போல."
முன்பு ஆலை டிஸ்பென்சரியில்
கம்பவுண்டர் பொட்டலம் கட்டித் தருவார்.
இப்போது மருந்துக் கடை.
அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டுகிறாள்.
மாத்திரைகளை நடுவில் உடைத்திருக்கிறாள்,
பிளேடால், நேர்த்தியாக.
ஒரு மாசத்து அட்டை இரண்டு மாசம் வருகிறது.

இருநூற்றுப் பத்து, என்று எழுதுகிறேன்.
அது உண்மை.
போன சுற்றில் இதே வீட்டில்
நானூற்றி இருபது எழுதியிருக்கிறார்கள்.
சென்னையில் யாரோ இரண்டையும் கழித்து
இந்த வீட்டில் நோய் பாதியாகிவிட்டது
என்று சந்தோஷப்படக்கூடும்.
ஓரத்தில் ஏதாவது கிறுக்கலாமா?
ஓரத்தில் எழுதிய படிவம் செல்லாது,
பயிற்சியில் இரண்டு தடவை சொன்னார்கள்.

"உனக்கு இதுக்கு எவ்ளோ?"
சொல்கிறேன்.
"குடுத்தாங்களா?"
"ரெண்டு மாசமா வரல."
"கவர்மெண்டு வேலைதான?"
"இல்லக்கா. டெண்டர் எடுத்த கம்பெனி."
முதல் முறையாக என்னை
முழுசாகப் பார்க்கிறாள்.
முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போகிறாள்.

டீ வருகிறது.
ரேஷன் சர்க்கரை. தித்திப்புத் தூக்கல்.
குடித்து முடித்துப் பக்கம் ஒன்பதைத் திருப்புகிறேன்.
வெளியாட்களுக்கு அளித்த உணவு, பானம்:
எண்ணிக்கை ஒன்று.

ஐந்தாம் வீட்டில் பூட்டு.
பூட்டிய வீட்டுக்குப் பணம் கிடையாது.
ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறேன்,
சுவரில் ஆலை கொடுத்த காலண்டர்,
ஆறு வருஷம் பழசு.
ஆறாம் வீட்டுக்கு நடக்கிறேன்.